குழியை மூடாமல் விட்டவன் யார்?

 

போன மாதம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கிளம்பிப் போய்விட்டார்கள். ஒரு சகோதரன் மட்டும் நாற்காலிகளை அடுக்குகிற சாக்கில் நின்றுகொண்டே இருந்தார். "ஐயா, ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும்" என்றார். கையிலிருந்த போனை என்னிடம் நீட்டினார். கை நடுங்கியது. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

"முதல்ல ஃபுட்பால் மேட்ச்சுக்கு அஞ்சு பவுண்டு வச்சேன் ஐயா. ஃப்ரெண்ட்ஸோட சும்மா விளையாட்டுக்கு. அப்புறம் நைட் டியூட்டில பிரேக் டைம்ல போன்ல ஸ்லாட் கேம். வீடு வாங்க சேர்த்து வச்ச பணம் போச்சு. கிரெடிட் யூனியன் கடன் தனி. அவ நகையையும் அடகு வச்சுட்டேன், அவளுக்கே தெரியாது. ஒரு நாள் அழுதுட்டே அந்த கம்பெனிக்கு எழுதினேன், என் அக்கவுண்டை மூடுங்க, நான் அடிமையாயிட்டேன்னு. மூடினாங்க. மூணே வாரம். அதே கம்பெனி வேற பேர்ல நடத்துற இன்னொரு இடத்துல இருந்து 'ஃப்ரீ பெட்' தர்றோம்னு மெசேஜ் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே திரும்ப விழுந்துட்டேன்."

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "வக்கீலைப் பாருன்னு ஒருத்தர் சொல்றார். நம்ம விசுவாசி ஒருத்தரோ, 'நீயே போய் விழுந்துட்டு அடுத்தவன் மேல கேஸ் போடறது பாவம்'ங்கிறார். எது சரி ஐயா?"

அந்த நிமிஷத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கையைப் பிடித்து ஜெபித்து அனுப்பினேன். வீட்டுக்குப் போய் வேதத்தைத் திறந்து முழங்காலில் நின்றேன். ஆவியானவர் காட்டின வெளிச்சத்தைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மாடும் குழியும்

யாத்திராகமம் 21-ம் அதிகாரம் 33, 34 வசனங்களை எடுத்து வாசித்துப் பாருங்கள். ஒருவன் குழி வெட்டுகிறான். மூடாமல் போய்விடுகிறான். அந்த வழியாய் வந்த அடுத்த வீட்டுக்காரனுடைய மாடு அதிலே விழுந்து செத்துப்போகிறது. யார் நஷ்டத்தைக் கொடுப்பது? "மாட்டுக்குக் கண் இல்லையா? பார்த்து நடக்கக் கூடாதா?" என்று கர்த்தர் கேட்கவில்லை. குழிக்குச் சொந்தக்காரன் மாட்டின் கிரயத்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று பிரமாணம் கொடுத்தார்.

அதே அதிகாரத்தில் 28, 29 வசனங்களையும் பாருங்கள். முட்டுகிற மாட்டைப் பற்றின காரியம். ஒரு மாடு முதல்முறை முட்டினால், சொந்தக்காரன்மேல் குற்றமில்லை. ஆனால் அது வழக்கமாய் முட்டுகிற மாடு என்று அவனுக்கு அறிவிக்கப்பட்டிருந்தும், அவன் கட்டி வைக்காமல் விட்டிருந்தால்? அப்பொழுது குற்றம் அவன் தலையின்மேல் வரும்.

இரண்டே கேள்விதான் பிரியமானவர்களே. அவனுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் கட்டாமல் விட்டானா? சீனாய் மலையடியில் கேட்கப்பட்ட அதே இரண்டு கேள்விகளைத்தான் சூதாட்ட வழக்குகளில் இன்றைக்கும் நியாயாதிபதிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் மூன்றாவதாக ஒன்றையும் கேட்கிறார்கள். அங்கேதான் அநேகருடைய வழக்கு கவிழ்ந்துபோகிறது.

லண்டனில் ஒரு தீர்ப்பு

நாம் வாழும் இந்த இங்கிலாந்து தேசத்தின் வடகிழக்கில் ஒரு மனுஷன் இருந்தார். பந்தய நாய்களைப் பழக்குவது தொழில். அதிலே பெயரும் எடுத்தவர், பணமும் சம்பாதித்தவர். ஆனால் பந்தயம் அவரை விழுங்கிக்கொண்டிருந்தது. 2006-ம் ஆண்டு அவர் வில்லியம் ஹில் என்ற பந்தய நிறுவனத்துக்குப் போன் செய்து, தன் கணக்கை மூடி, தன்னை விலக்கி வைக்கும்படி கேட்டுக்கொண்டார். ஆறு மாதம் திறக்கமாட்டோம் என்று அங்கே பேசினவர் வாக்குக் கொடுத்தார்.

அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. மறுபடியும் அவரிடத்தில் பந்தயம் வாங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் தொலைந்தது. ரைடர் கப் கோல்ஃப் போட்டியில் அமெரிக்கா ஜெயிக்கும் என்று ஒரே பந்தயத்தில் 3,47,000 பவுண்டு வைத்தார். ஐரோப்பா ஜெயித்தது!

அவர் வழக்குப் போட்டார். 2008 மார்ச் மாதம் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. என்ன சொன்னது தெரியுமா? நிறுவனம் அவரை விலக்கி வைக்கிற பொறுப்பை ஏற்றுக்கொண்டது உண்மை. அதைச் செய்யாமல் விட்டதும் உண்மை. ஆனாலும் நஷ்ட ஈடு கிடையாது! ஏன்? இந்தக் கதவு மூடியிருந்தாலும் அவர் வேறு கதவைத் தட்டியிருப்பார். கொஞ்சம் மெதுவாக ஆனாலும் சூதாட்டத்தினாலேயே அழிந்திருப்பார் என்பது நீதிமன்றத்தின் முடிவு. மேல்முறையீடு செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் அதுவும் தள்ளுபடியானது.

கேட்டீர்களா? இதுதான் அந்த மூன்றாவது கேள்வி. "நீ வேறே குழியில் விழாமல் இருந்திருப்பாயா?" மூடுகிறேன் என்று சொன்னவன் மூடவில்லை. ஆனால் பக்கத்திலே இன்னும் பத்துக் குழி திறந்து கிடந்தது. அதனாலேயே இந்தக் குழிக்காரன் கிரயம் கொடுக்காமல் போய்விட்டான்.

ஆஸ்திரேலியாவிலும் ஒரு காரியம் நடந்தது. வீடு நிலம் விற்கும் தொழில் செய்த ஒருவர், 2005 ஜூன் முதல் 2006 ஆகஸ்ட் வரை மெல்பர்ன் நகரத்திலுள்ள கிரவுன் சூதாட்ட விடுதியில் 2 கோடியே 5 லட்சம் டாலரைத் தோற்றார். என் பலவீனம் தெரிந்தே தனி விமானமும் சலுகைகளும் கொடுத்து என்னை இழுத்தார்கள் என்று வழக்குத் தொடுத்தார். 2013 ஜூன் மாதம் அந்த தேசத்தின் உச்சமான நீதிமன்றம் அவருக்கு விரோதமாகத் தீர்ப்புச் சொன்னது. தன் நன்மை தீமையைத் தானே தீர்மானிக்க அவருக்குத் திராணி இருந்தது, சில வேளைகளில் விளையாடாமல் விலகியும் இருந்திருக்கிறார் என்பது காரணம்.

ஏசாவை நினைத்துப் பாருங்கள். பசியோடு வெளியிலிருந்து வந்தான். கூழுக்காக சேஷ்டபுத்திரபாகத்தை விற்றான். அவனுக்குத் திராணி இல்லையா? இருந்தது. எபிரெயருக்கு எழுதின நிருபம் 12:16-ல் அவன்மேல் குற்றம் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பசி வேளை பார்த்து விலை பேசினவன் கை சுத்தமா? அதே யாக்கோபு லாபானிடத்தில் எத்தனை முறை ஏமாற்றப்பட்டான் என்று வாசிக்கிறோமே! மனுஷருடைய நீதிமன்றம் ஒரு வழக்கை முடித்து வைக்கும். கர்த்தருடைய புஸ்தகத்தில் கணக்கு முடிவதில்லை.

தேசம் மெதுவாய்க் கற்றுக்கொண்டது

நியாயாதிபதிகளை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு முன்னே வைக்கப்பட்ட சட்டத்தை அவர்கள் அளந்து பார்த்தார்கள். இந்த தேசத்தின் 2005-ம் ஆண்டு சூதாட்டச் சட்டம், பிள்ளைகளையும் பலவீனரையும் சூதாட்டத்தின் தீங்குக்கும் சுரண்டலுக்கும் தப்புவிப்பது தன் நோக்கங்களில் ஒன்று என்று முதலாவது பிரிவிலேயே சொல்லுகிறது. எழுத்திலே இருந்தது. ஆனால் குழிகள் திறந்தே கிடந்தன.

வழக்குத் தோற்றாலும் அழுகை வீணாய்ப் போகவில்லை. ஒரு கதவை மூடினால் போதாது, எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் மூடவேண்டும் என்பதை தேசம் கற்றுக்கொண்டது. கேம்ஸ்டாப் என்ற ஏற்பாடு 2018-ல் வந்தது. அதிலே ஒருமுறை பெயரைப் பதிந்தால், இங்கே லைசென்ஸ் பெற்ற எல்லா ஆன்லைன் சூதாட்ட நிறுவனங்களும் உன்னை வெளியே நிறுத்த வேண்டும். 2020 மார்ச் 31 முதல் அது அவர்கள் எல்லார்மேலும் கட்டாயமானது. 2019 ஏப்ரலில், பெட்டிங் கடைகளிலுள்ள மெஷின்களில் ஒரு தடவைக்கு 100 பவுண்டு வரை வைக்கலாம் என்றிருந்ததை 2 பவுண்டாகக் குறைத்தார்கள். 2020 ஏப்ரலில் கிரெடிட் கார்டில் சூதாடுவதைத் தடை செய்தார்கள்.

இவையெல்லாம் தானாக வந்ததா? இல்லை! பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் விடாமல் தட்டினார்கள். ஷெஃபீல்டு நகரத்து வாலிபன் ஒருவன், 17 வயதில் பள்ளிக்கூட மதிய இடைவேளையில் பெட்டிங் கடை மெஷினில் ஆரம்பித்தவன், 24 வயதில் உயிரை இழந்தான். அவனுடைய பெற்றோர் 2018-ல் 'கேம்பிளிங் வித் லைவ்ஸ்' என்ற தொண்டு நிறுவனத்தை ஏற்படுத்தினார்கள். 2022 மார்ச்சில் மரண விசாரணை அதிகாரி, அவனுக்குக் கிடைத்த எச்சரிப்பும் சிகிச்சையும் மிகவும் போதாதவை என்று வெளியரங்கமாய்ச் சொன்னார். லூக்கா 18-ம் அதிகாரத்து விதவையைப் போல அந்தத் தாய் தகப்பன்மார் ஓயவில்லை.

ஆனாலும் குழிக்காரர் மாறினார்களா? 2023 மார்ச்சில் வில்லியம் ஹில் குழுமம் 1 கோடியே 92 லட்சம் பவுண்டு செலுத்த வேண்டியதாயிற்று. அதுவரைக்கும் அந்த ஒழுங்குமுறை ஆணையம் விதித்ததிலே அதுதான் பெரிய தொகை. என்ன குற்றம்? புதிதாய்க் கணக்குத் திறந்த ஒருவர் எந்த விசாரிப்பும் இல்லாமல் 20 நிமிஷத்தில் 23,000 பவுண்டு செலவழிக்க விட்டார்கள். அந்தக் குழுமத்தின் ஒரு நிறுவனத்தில் தங்களை விலக்கி வைக்கும்படி கேட்டுக்கொண்ட 331 பேர், அதே குழுமத்தின் இன்னொரு நிறுவனத்தில் விளையாட முடிந்தது. 2006-ல் நடந்த அதே காரியம்! மாடு முட்டும் என்று தெரிந்தும் கட்டவில்லை.

நம் சகோதரனுக்கு நடந்ததும் இந்த மாதிரி காரியம்தான். ஆகையால் "நீயே போய் விழுந்தாய், வாயை மூடு" என்று சொல்ல வேதத்தில் இடமில்லை.

விழுந்தவன் என்ன செய்யவேண்டும்?

இப்போது மறுபக்கத்துக்கு வருகிறேன். கவனமாய்க் கேளுங்கள். மாட்டுக்கு ஆத்துமா இல்லை. உனக்கும் எனக்கும் இருக்கிறது. இளைய குமாரன் தூரதேசத்தில் எல்லாவற்றையும் அழித்துப்போட்டான். அங்கே அவன் பணத்தைத் தின்றவர்கள் இல்லையா? இருந்தார்கள். ஆனால் வீட்டுக்குத் திரும்பினபோது அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பாவத்தைத்தான் தகப்பனிடம் சொன்னான். தகப்பன் ஓடி வந்து கட்டிக்கொண்டான். அல்லேலூயா!

கேஸ் முடியட்டும், பணம் வரட்டும், அப்புறம் வீட்டிலே சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்காதே சகோதரனே! நீதிமன்றம் உன் பணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும். உன் மனைவியிடம் நீ சொன்ன பொய்க்கு எந்த நீதிபதியிடத்திலும் பரிகாரம் இல்லை. அதை நீதான் வாயைத் திறந்து சொல்லவேண்டும்.

இன்னும் ஒன்று. அந்த லண்டன் தீர்ப்பு நமக்கு ஒரு கண்ணாடி. "இந்தக் கதவு மூடினால் வேறு கதவுக்குப் போயிருப்பாய்" என்றதே, அது நம்மில் அநேகருடைய மனந்திரும்புதலின் படம் இல்லையா? ஒரு ஆப்பை அழிக்கிறோம், இன்னொன்றை வைத்துக்கொள்கிறோம். ஆராதனையில் அழுகிறோம், போகிற வழியில் ஸ்கிராட்ச் கார்டு வாங்குகிறோம். மத்தேயு 12-ம் அதிகாரத்தில் ஆண்டவர் வெறுமையான வீட்டைப் பற்றிச் சொன்னார். பெருக்கி ஜோடித்த வீடுதான். உள்ளே யாரும் இல்லை. புறப்பட்டுப்போன ஆவி ஏழு பேரோடு திரும்பி வந்தது. கதவை மூடினால் மட்டும் போதாது. உள்ளே இயேசு குடியிருக்க வேண்டும்!

விசுவாசி கோர்ட்டுக்குப் போகலாமா?

1 கொரிந்தியர் 6-ம் அதிகாரத்தைச் சிலர் காட்டுவார்கள். அங்கே பவுல் சகோதரனோடு சகோதரன் வழக்காடுகிறதைக் கண்டிக்கிறார். பந்தய நிறுவனம் உன் சபைச் சகோதரனா? அதே பவுல், தனக்கு அநியாயம் நடக்கப்போகிறது என்று கண்டபோது, அப்போஸ்தலர் 25-ல் இராயனுக்கு அபயமிட்டார். சட்டம் கொடுத்த உரிமையைக் கேட்பது பாவமல்ல. உன் வழக்கினால் நாளைக்கு இன்னொருவன் பிள்ளை தப்புமானால், அது குழியை மூடுகிற வேலை.

ஆனால் ஞானமாய்ச் செய். நீ எப்போது, என்ன எழுதிக் கேட்டாய் என்பதற்கு அத்தாட்சியை அழித்துப்போடாதே. வெட்கத்தினால் மெசேஜ்களை எல்லாம் அழிக்கிறவர்கள் உண்டு, தங்கள் வழக்கையே அழிக்கிறார்கள். உன் கணக்கின் முழு விவரத்தையும் அந்த நிறுவனத்திடம் கேட்டு வாங்க இந்த தேசத்தின் தகவல் பாதுகாப்புச் சட்டம் உனக்கு உரிமை கொடுக்கிறது. புகாரை எழுத்தில் கொடு. சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இலவசமாய் ஆலோசனை கேள். வருஷங்கள் தாண்டினால் சட்டம் உன் வழக்கைக் கேட்காது, ஆகவே தாமதியாதே.

கடைசியாய் ஒரு எச்சரிப்பு. அந்தக் கேஸே உனக்கு இன்னொரு பந்தயமாக மாறிவிடக் கூடாது! "இது மட்டும் ஜெயிச்சா எல்லாக் கடனும் தீர்ந்துடும்" என்று இராத்திரியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு இருந்தால், நீ இன்னும் விடுதலையாகவில்லை. பெட்டின் பெயர்தான் மாறியிருக்கிறது. மேலே சொன்ன இரண்டு பேரும் பெரிய வக்கீல்களை வைத்தும் தோற்றார்கள். புகாரைக் கொடு, பலனைக் கர்த்தர் கையில் விடு, காலையில் எழுந்து வேலைக்குப் போ.

சபையே, நம் குழிகள் எங்கே?

சபையாரோடும் பேச வேண்டியிருக்கிறது. ஒரு சகோதரன் திடீரென்று நாலு பேரிடம் தனித்தனியாய்க் கடன் கேட்கிறார். நாலு பேரும் கொடுக்கிறோம். "பாவம், கஷ்டம் போல" என்கிறோம். ஏன் என்று அன்போடு ஒருவரும் கேட்பதில்லை. இரகசியமாய்க் கொடுத்த அந்தப் பணம் எங்கே போனது? நேராகக் குழிக்குள்ளே போனது. ஒரு சகோதரி பிள்ளைகளின் சாப்பாட்டுக்குச் செலவு காணாமல் தவிக்கிறாள். "புருஷனுக்காக இன்னும் ஜெபம் பண்ணு" என்று அனுப்பிவிடுகிறோம். ஜெபம் பண்ணத்தான் வேண்டும். அவளோடு உட்கார்ந்து பாங்க் ஸ்டேட்மென்டையும் பார்க்க வேண்டும். மருத்துவர்களும் இதை ஒரு நோயாகவே பார்க்கிறார்கள். என்.எச்.எஸ்.ஸில் இதற்கென்று தனி சிகிச்சை நிலையங்கள் உண்டு. அங்கே போகிறவனை விசுவாசக் குறைவுள்ளவன் என்று யாரும் சொல்லாதீர்கள்.

சிலுவையின் அடியிலே போர்ச்சேவகர் சீட்டுப்போட்டு ஆண்டவருடைய வஸ்திரத்தைப் பங்கிட்டார்கள். தலைக்கு மேலே இரத்தம் சிந்திக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. கண் முழுவதும் சீட்டின்மேல். பிரியமானவர்களே, போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிற நம் வாலிபப் பிள்ளைகளுக்கும் தலைக்கு மேலே அதே சிலுவைதான் இருக்கிறது. நிமிர்ந்து பார்க்க யாராவது தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டும். அது உங்கள் வேலை. என் வேலை.

அந்தச் சகோதரன் அடுத்த நாளே தன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். நானும் என் மனைவியும் கூட இருந்தோம். அந்தச் சகோதரி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து டீ போட்டுக்கொண்டு வந்தாள். நான்கு பேரும் உட்கார்ந்து கேம்ஸ்டாப்பில் ஐந்து வருஷத்துக்குப் பெயரைப் பதிந்தோம். பாங்கில் சொல்லி சூதாட்டத்துக்குப் பணம் போகாதபடி கார்டைத் தடுத்து வைத்தோம். சம்பளம் இப்போது அவள் கைக்குப் போகிறது. நிறுவனத்துக்குப் புகாரும் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும், போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாய் வந்தார்கள். கர்த்தருக்கே ஸ்தோத்திரம்!

இதை வாசிக்கிற உனக்குள்ளும் இப்படி ஒரு இரகசியம் இருக்குமானால், தனியாய்ச் சுமக்காதே. உயிரே வேண்டாம் என்று தோன்றுமானால் இன்றைக்கே, இந்த நேரமே ஒருவரிடம் பேசு. எந்நேரமானாலும் என் வீட்டுக் கதவைத் தட்டலாம்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, குழியில் கிடக்கிற உம்முடைய பிள்ளைகளைத் தூக்கியெடும். குழி வெட்டுகிறவர்களின் மனதைத் திருப்பும். நியாயம் செய்கிறவர்களுக்கு ஞானத்தைத் தாரும். திறந்து கிடக்கிற குழியைக் கண்டும் காணாதவர்போல் கடந்துபோன எங்களையும் மன்னியும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்!